ஈயம், கார்பன், ஒரு பிணம்

சார்ஜிங் ஷெட்டில் மல்லாந்து கிடந்தான் ஜெயசீலன்.

முகமெல்லாம் ஆசிட். பக்கத்தில் வெடித்துச் சிதறிய பேட்டரி.

பெரம்பலூர், துறையூர் ரோடு. வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளியது.

அவன் மனைவி மலர்கொடிக்கு அழக்கூட வரவில்லை. புருஷன் போன துக்கம் ஒரு பக்கம்... 'அவன் செஞ்ச பேட்டரியே அவனைக் கொன்னுடுச்சு' என்ற ஊர்ப்பேச்சு இன்னொரு பக்கம். ஈயத் தகட்டில் கார்பன் கலந்து, எலக்ட்ரிக் ஆட்டோ கூடுதல் தூரம் ஓட வழி கண்டுபிடித்தவன். குரும்பலூர் சவாரிக்கு அவளே அந்த பேட்டரியைப் போட்டுத்தான் ஆட்டோ ஓட்டுகிறாள். நாளைக்கு கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. இனி எவன் வருவான்?

இன்ஸ்பெக்டர் சாமிதுரை பக்கத்தில் நின்றவனிடம் திரும்பினார்.

"நீங்க பார்ட்னரா?"

"ஆமா சார், மணிவேல்." கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தான். "எவ்வளவோ சொன்னேன், கேக்கல. சார்ஜ் ஏறும்போதே மூடியத் தொறந்து தண்ணி ஊத்துனான். உள்ள தெரியலன்னு லைட்டரப் பத்த வச்சான்... கேஸ் புடிச்சிருச்சு."

"புது பேட்டரிதானா?"

"அதேதான் சார். எங்க ஸ்டிக்கர் இருக்கு பாருங்க."

மூடியா?

மலர்கொடி நிமிர்ந்தாள்.

"அண்ணே... என் ஆட்டோவுலயும் ஒண்ணு கெடக்கு. பயமா இருக்கு. நீங்களே தண்ணி பாத்து ஊத்திக் குடுங்கண்ணே."

"இரு தங்கச்சி, நான் பாக்குறேன்."

காலமெல்லாம் மூடி வைத்த பழைய ரக பேட்டரி விற்றுப் பழகிய கை. டிஸ்டில்டு வாட்டர் கேனோடு போய் ஆட்டோ சீட்டைத் தூக்கினான். பேட்டரியைத் தடவினான். இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்...

"மூடி எங்கம்மா?"

"கெடையாதுண்ணே." அவள் அவன் எதிரே வந்து நின்றாள். "இது சீல் வச்சது, தண்ணியே வேணாம்னு அவரு உங்ககிட்ட எத்தனை தடவ சொன்னாரு? காதுலயே வாங்கலியே நீங்க. பாவி, அவரை என்ன பண்ணே?"

கேன் நழுவி விழுந்தது.

"என்னைக் கழட்டி வுட்டுட்டு கம்பெனிக்குப் போறேன்னான்..." மணிவேல் முனகினான். "கோவத்துல ராடால அடிச்சுட்டேன் சார். அரியலூர் கஸ்டமர் ஒருத்தன் போட்டுட்டுப் போன பழைய பேட்டரிய எடுத்து, எங்க ஸ்டிக்கர் ஒட்டி வெடிக்க வச்சேன்."

மலர்கொடி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

சாமிதுரை விலங்கை மாட்டினார்.

"வாங்க மணிவேல். ஏறுறதுக்கு முன்னாடி ஜீப்பைக் கொஞ்சம் தள்ளிவுடுங்க. எங்களுக்கும் கவர்மென்ட்டு பழைய பேட்டரிதான் குடுத்திருக்கு."