வடக்கு நோக்கி அழைத்த பெயர்

மஞ்சள் புழுதிக் காற்று வீசிய ஒரு நண்பகலில், லூ அம்மையாரின் மாட்டுவண்டி குவோ இல்லத்தின் முன்வாயிலில் வந்து நின்றது. வண்டியின் திரைச்சீலையிலும் மாடுகளின் இமைகளிலும் புழுதி படிந்திருந்தது. அம்மையார் வாயைத் துணியால் மூடிக்கொண்டு இறங்கினார். குவோ யென் இடுப்பு வளைய வணங்கி அவரை வரவேற்றான்.

யென் அவ்வூர் ஆட்சியரின் அலுவலகத்தில் உதவியாளனாகப் பணிபுரிபவன். அவனுடைய ஒரே மகள் ஷுவேயைத் தம் பேரனுக்குக் கொள்ளும் எண்ணத்துடன் லூ அம்மையார் தலைநகரிலிருந்து வந்திருந்தார். லூ குடும்பத்தார் செல்வத்தைப் பெரிதாகக் கருதவில்லை, குருதியையே கருதினர். பெண்ணின் தந்தையைப் பெற்றவள் எக்குலத்தாள் என்பதே அவர்களது முதல் வினா.

அவ்வினாவுக்கு யென் பொய்யுரைத்திருந்தான்.

அவனுடைய தந்தையின் முறைப்படியான மனைவி யூன் நாச்சியார், உயர்குடியில் பிறந்தவர். பிள்ளைப்பேறின்றி நெடுங்காலத்திற்கு முன்பே இறந்துபோனவர். யென்னைப் பெற்றவளோ, அவ்வீட்டில் பட்டுப்புழுக்களுக்கு முசுக்கொட்டை இலை நறுக்கிப் போட்ட பணிப்பெண் ஸாங். குல வழக்கப்படி அவன் நாச்சியாரை அம்மா என்றும், பெற்றவளைச் சின்னம்மா என்றும் அழைத்து வளர்ந்தான். பெற்றவள் அவனைச் சின்னய்யா என்றே அழைத்தாள். இப்போது பின்கட்டில் நோயுற்றுக் கிடக்கும் மூதாட்டி யாரென்று லூ குடும்பத்தார் ஆளனுப்பிக் கேட்டபோது, அவர்தாம் யூன் நாச்சியார், என்னைப் பெற்ற தாய் என்று அவன் விடையனுப்பிவிட்டான்.

ஆகவே அன்று காலையில் ஸாங்கைத் தூக்கிவந்து, நாச்சியாரின் திரையிட்ட கட்டிலில் கிடத்தியிருந்தனர். அவ்வளவு மென்மையான மெத்தையில் அவளுடைய சிற்றுடல் புதைந்து கிடந்தது.

யென் கட்டிலருகே குனிந்தான். “அம்மா, லூ அம்மையார் உங்களப் பாக்க வந்திருக்காங்க.”

கிழவி மெல்லத் தலையைத் திருப்பித் தனக்குப் பின்னாலிருந்த வெற்று மூலையைப் பார்த்தாள்.

“யாரக் கூப்புடுறீங்க சின்னய்யா?”

யென்னின் செவிகள் சுட்டன.

“என்ன சொல்றாங்க?” என்றார் லூ அம்மையார்.

“காய்ச்சல்ல பினாத்துறாங்கம்மா,” என்றாள் யென்னின் மனைவி மெங், கணவனைப் பாராமலே.

“எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். கடைசிவரைக்கும் என்னையச் சமையக்காரின்னு நெனச்சுக் கஞ்சிக்கு உப்புப் பத்தலன்னு திட்டிக்கிட்டே போய்ச் சேந்தாரு.” அம்மையார் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார்.

அப்பிற்பகலிலேயே, விருந்தினர் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஸாங்கின் மூச்சு நின்றது.

உயிர் பிரிந்தவுடன் அதனைத் திரும்ப அழைப்பது மரபு. இறந்தவர் உடுத்த ஆடையை எடுத்துக்கொண்டு கூரையின் முகட்டில் ஏறி, வடக்கு நோக்கி நின்று, மும்முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பின்னர் ஆடையைக் கீழே எறிந்து, அதனை உடலின்மேல் போர்த்த வேண்டும். உயிர் தன் வியர்வை படிந்த துணியை அடையாளம் கண்டு வந்து சேரும்.

மெங் ஒட்டுப்போட்ட சணல் சட்டையொன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். முசுக்கொட்டைப் பாலின் கறை அதன் கைகளில் கறுத்திருந்தது. முற்றத்தில் லூ அம்மையார் தம் பணிப்பெண்கள் சூழ நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வேணாம். பெட்டியில அந்த ஊதாப் பட்டு இருக்குல்ல, அத எடு,” என்றான் யென்.

“உங்களுக்கென்ன பைத்தியமா? அது அந்த நாச்சியாரோடது.”

“எல்லாரும் பாக்குறாங்க மெங்.”

“பாக்கட்டும். போன உசுரு எந்தத் துணியத் தேடி வரும், அதச் சொல்லுங்க மொதல்ல.”

யென் பெட்டியைத் தானே திறந்து, பட்டாடையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

காற்று ஓடுகளின்மேல் புழுதியை வாரியிறைத்தது. வடதிசையில் வானும் நிலமும் ஒன்றாய் மஞ்சளித்துக் கிடந்தன. அவன் ஆடையை வீசி அசைத்தான்.

“யூன் நாச்சியாரே, திரும்பி வாங்க!”

பட்டு காற்றில் படபடத்தது.

“யூன் நாச்சியாரே, திரும்பி வாங்க!”

காற்று தளர்ந்தது.

“யூன் நாச்சியாரே…”

காற்று நின்றது.

ஆடை கனத்தது.

யாரோ அதன் கைக்குள் தம் கையை நுழைப்பதுபோல, தொங்கிக் கிடந்த பட்டு தோள்முதல் மணிக்கட்டுவரை மெல்ல நிரம்பியது. யென் அலறி அதனைக் கீழே எறிந்தான். அது பறந்து விழவில்லை. நேராக இறங்கி, முற்றத்துக் கல்லின்மேல் ஒருகணம் நின்றது. அதன்பிறகே சரிந்தது.

கீழே இருந்தோர் புழுதியில் கண்களைக் கசக்கிக்கொண்டிருந்தனர். மெங் மட்டும் பார்த்திருந்தாள்.

பட்டாடையைப் பிணத்தின்மேல் போர்த்தினர். சற்று நேரத்தில் அறையெங்கும் கிராம்பின் மணம் பரவியது. ஸாங் வாழ்நாளில் கிராம்பு மென்றவளல்லள்; அது யூன் நாச்சியாரின் வழக்கம். பல்லிழந்து எப்போதும் சிறிது திறந்தே இருந்த அவள் வாய், இப்போது இறுக மூடி, ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்திருந்தது. வெடிப்போடிய விரல்கள் வெளுத்து வழவழப்பாயின.

ஷுவே தந்தையின் கையைப் பற்றிக்கொண்டாள். “அப்பா, இது சின்னப்பாட்டி மூஞ்சி இல்ல.”

அவ்வேளையில் பின்வாயிற் கதவு தட்டப்பட்டது.

மிக மெல்லிய ஒலி. நகத்தால் மட்டும் தட்டுவது போன்ற ஒலி. தட்டுவதற்கே மன்னிப்புக் கேட்பதுபோல ஒவ்வொரு தட்டுக்கும் இடையே ஒரு தயக்கம்.

ஸாங் அப்படித்தான் கதவு தட்டுவாள்.

யென் எழவில்லை.

“பின்னாடி யாரோ தட்டுறாங்களே,” என்றார் லூ அம்மையார். “பிச்சைக்காரியா இருக்கும். சாவு வீடுன்னா மோப்பம் புடிச்சு வந்துருவாளுக. எதையாச்சும் குடுத்து அனுப்புங்க.”

மெங் கணவனையே பார்த்தாள்.

“ஆமாம்மா,” என்றான். “பிச்சைக்காரிதான்.”

தட்டுவது நின்றது.

மறுநாள் முற்பகலில், இரவு அங்கேயே தங்கிவிட்ட லூ அம்மையாரும் உடனிருக்க, உடலைச் சவப்பெட்டியில் வைத்தனர். பெட்டி மூடப்பட்டால் உள்ளே வந்த உயிர் உள்ளேயே தங்கும். வெளியே நிற்பது வெளியேதான். யென் இதனை நன்கறிவான். எனினும், மணம் பேசி முடியட்டும், அம்மையாரின் வண்டி போகட்டும், பிறகு ஏதாவது செய்யலாம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு நின்றான்.

லூ அம்மையார் பெட்டிக்குள் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். “என்ன களை பாருங்க! பெரிய குடும்பத்துக் களை சாவுலயும் போகல.”

இறந்தவரின் வாயில் அரிசி இடுவது மகனின் கடமை. யென் விரல்களால் அரிசியை எடுத்து, மூடிய இதழ்களுக்கிடையே வைத்தான்.

இதழ்கள் அவன் விரலைக் கவ்வின.

குளிர்ந்த, கிராம்பு மணக்கும் மூச்சு அவன் மணிக்கட்டில் பட்டது.

“வேலக்காரி பெத்தவனே,” என்றது அக்குரல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “உம் பொண்ணு நல்லாத்தான் இருக்கா. எங்கூடவே வச்சுக்கிறேன்.”

அவன் விரலைப் பிடுங்கினான். வெளியே பாய்ந்தான். அடுக்களை மூலையில் சுருட்டிக் கிடந்த சணல் சட்டையை வாரியெடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். செருப்பு ஒன்று கழன்று லூ அம்மையாரின் பணிப்பெண்களுக்கு நடுவே விழுந்தது.

“ஸாங்!” என்று கதறினான். “என்னப் பெத்த ஸாங், திரும்பி வாங்க!”



“யாரது ஸாங்?” என்றார் லூ அம்மையார்.

“இவரப் பெத்தவங்க,” என்றாள் மெங். அவள் குரலில் நடுக்கமில்லை. “இந்த வீட்டுல பட்டுப்புழுவுக்கு எல போட்டவங்க. செத்தது அவங்கதான்.”

லூ அம்மையார் மேலாடையின் ஓரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “வண்டியக் கட்டுங்கடா.”

ஷுவே அவர் போவதைப் பார்க்கக்கூட இல்லை. அண்ணாந்து நின்றாள். “அப்பா, இன்னும் சத்தமாக் கூப்புடுங்க.”

அவன் குரல் உடையும்வரை அழைத்தான். சட்டை அவன் கையில் வெறுந்துணியாகவே ஆடியது. எந்தக் கையும் அதனுள் நுழையவில்லை.

இறங்கினான். பின்வாயிலுக்கு ஓடித் தாழ்ப்பாளை நீக்கினான்.

சந்தில் எவருமில்லை. நாயொன்று எதிர்ச்சுவரோரம் வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றது.

“உள்ள வாங்கம்மா,” என்றான்.

அவன் இடுப்பின் உயரத்திலிருந்து, கூனிக் குறுகி நிற்பவளின் வாயிலிருந்து வருவதுபோல், பழகிய குரல் வந்தது.

“எஜமானியம்மா உள்ள படுத்திருக்காங்களே சின்னய்யா. அவங்க படுத்த எடத்துல நான் எப்படிப் படுக்குறது?”

பெட்டியை மூடும்படி யென்னே சொல்ல நேர்ந்தது; மூடாவிட்டால் உள்ளே இருந்தது எழுந்துவிடும் என்று அஞ்சினான். அடக்கத்திற்கு உரிய நல்ல நாள் குளிர்காலத்தில்தான் வந்தது. அதுவரை பெட்டி கூடத்திலேயே இருக்க வேண்டும். அன்று மாலையே மெங் மகளை அழைத்துக்கொண்டு தன் தமையன் வீட்டிற்குப் போய்விட்டாள். யென் வீட்டைப் பூட்டினான்.

தாயை இழந்த மகன் குடிலமைத்து வைக்கோலில் படுத்துத் துக்கம் காப்பது முறைமை. மற்றவர்கள் அக்குடிலை முற்றத்தில் அமைப்பர். யென் அதனைப் பின்வாயிலுக்கு வெளியே, குப்பை கொட்டும் சந்தில் அமைத்தான். ஆட்சியர் அலுவலகத்தில் அவனோடு பணிபுரிந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து சென்றனர். சிலர் சிரித்தனர். அவன் தலை நிமிரவில்லை.

குடிலில் தங்கிய முதல் நாள் மாலையில், வைக்கோலில் கண்ணயர்ந்தவன், முதுகுப் பக்கம் ஏதோ அசைவதை உணர்ந்தான்.

அவனருகே வைக்கோல் மெல்ல அழுந்தியது. சிறிய உடலொன்று கால்களை மடக்கிப் படுத்தாற்போல் அங்கே வெம்மை பரவியது. முசுக்கொட்டை இலையின் பச்சை வாடை அடித்தது.

யென் திரும்பிப் படுக்கவில்லை. அம்முகத்தை எதிர்கொள்ள அவனுக்கு முகமில்லை. இருளத் தொடங்கிய சந்தில், கண்ணீர் காதுக்குள் இறங்க, அசையாமல் கிடந்தான்.

அப்போது பூட்டிய வீட்டினுள், பெட்டி இருந்த கூடத்திலிருந்து, பணிப்பெண்ணை அழைக்கும் கைதட்டல் கேட்டது.

வைக்கோல் உடனே சலசலத்தது.

“போகாதீங்கம்மா.” திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவினான். வெடிப்போடிய விரல்கள் அவன் கையைத் தொட்டன. ஒருமுறை தட்டிக்கொடுத்தன. பின் அவன் பிடியிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டன.

அருகே இருந்த வைக்கோல் குளிர்ந்துபோயிற்று. பூட்டு அசையாத பின்வாயிலுக்கு அப்பால், வெறுங்காலடிகள் கூடத்தை நோக்கி விரைந்தன.