மழைக்கு எடுத்த துண்டு

காலை வெயில் ஏறி, முற்றத்து மணல் கால் வைக்க முடியாமல் சுட்ட பிறகும், நீச்சல் தொட்டியின் சீமெந்துக் கட்டின்மேல் ஓர் இடம் மட்டும் காயாமல் இருந்தது. பெரிய இடமில்லை. ஒரு துண்டை நாலாக மடித்து வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். நாலு மூலையும் ஒழுங்காக, யாரோ கையால் நீவி வைத்ததுபோல. இமெல்டா விறாந்தையில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு தும்புத்தடியோடு போய் அந்த இடத்தைத் தேய்த்தாள். காய்ந்த மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். மணல் நனைந்தது. மணலைத் தள்ளிப் பார்த்தால் ஈரம் அப்படியே, நாலு மூலையோடும் இருந்தது.

"என்னத்தப் புள்ள, விடிஞ்சதும் விடியாததுமா உரஞ்சுறாய்?" அவள் கணவர் சில்வெஸ்டர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

"பாசி பிடிச்சிருக்கு."

"நேத்தும் பாசி எண்டுதான் சொன்னாய். அந்தப் பாசிக்கு உன்னில என்ன கோவமோ தெரியாது."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கட்டைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார்.

உலக யுத்தம் முடிந்த மறுவருடம் அவர்கள் வாங்கிய வீடு அது. ஏறாவூரில் மரமும் விறகும் விற்கும் மரக்காலை வைத்திருந்த சில்வெஸ்டருக்கு யுத்தகாலம் நல்ல காலமாக இருந்தது. தென்னந்தோட்டத்துத் துரை ஒருவர், கடலோடு கலக்கும் வாவியின் கரையில் கட்டிய வீடு. வாவியில் முதலைக்குப் பயந்து, குளிப்பதற்கென்று முற்றத்திலேயே ஆழமாக ஒரு தொட்டியும் கட்டியிருந்தார். வாவித் தண்ணீர் நிலத்துக்கடியில் ஒரு செங்கல் கான் வழியாக வந்து தொட்டியை நிரப்பும். கானின் மறுமுனையில், கரையோரக் கண்ணாப் பற்றைகளுக்குள், மரப்பலகை போட்ட ஒரு சின்ன மதகு. பலகையைத் தூக்கினால் தண்ணீர் வரும், இறக்கினால் நிற்கும். துரை போய், யுத்தத்தில் பட்டாளத்துக்காரர் வந்து குடியிருந்து, அவர்களும் போனபோது தொட்டியில் மிஞ்சியது தகரப்பேணியும் உடைந்த போத்தலும் தவளையும்தான். சின்ன வயதில் பின்வாசலால் விறகு கொண்டுவந்து இறக்கிய சில்வெஸ்டருக்கு அந்தத் தொட்டியில் நீந்த வேண்டும் என்பது ஒரு ஆசை. ஆசையில் பிழையில்லை.

தொட்டியைத் துப்புரவாக்கச் சித்தாண்டியிலிருந்து நல்லரத்தினம் வந்தான். கிணறு, குளம், கான் என்று தண்ணீருக்கடியில் எந்த வேலைக்கும் ஊரில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். முதல் நாளே தலையில் கட்டியிருந்த சிவப்புக்கரைத் துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து, கட்டின்மேல் வைத்து, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தான்.

"அம்மா, முதலாளி, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. இந்தத் துண்டு கட்டுல கிடந்தா நான் அடியில கிடக்கிறன். பலகையத் தூக்கப்படாது. ஏறி வந்தா நான்தான் எடுப்பன். வேற ஆரும் தொடப்படாது."

"உன்ர பொஞ்சாதி தொட்டாலுமா?" என்று சில்வெஸ்டர் கேட்டார்.

"அவள் தொட்டா வீட்டுலயே அடி விழும், முதலாளி. எனக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். இமெல்டாவும் சிரித்தாள். அவன் சொன்னதை அவள் கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

மாரி தொடங்கிய ஒரு மத்தியானம் அது நடந்தது. வேலையாட்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். கானுக்குள் ஒரு வேர் மட்டும் மிச்சம் என்று நல்லரத்தினம் யாருக்கும் சொல்லாமல் திரும்பி இறங்கியிருக்கிறான். துண்டை வைத்துவிட்டுத்தான் இறங்கினான். வாவிப் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது. இமெல்டா கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஓடும்போது கட்டின்மேல் துண்டைக் கண்டாள். ஐயோ பாவம், நனையப்போகிறதே. அவ்வளவுதான் நினைத்தாள். அதைக்கூட நினைத்தாளோ என்னவோ. மழை வந்தால் வெளியில் கிடக்கும் துணியை எடுப்பது அவளுடைய கைக்குத் தெரிந்த வேலை. கல்லைத் தள்ளிவிட்டு, கை எடுத்தது.

தொட்டிக்குத் தண்ணீர் விட்டுப் பார்க்க மதகடியில் நின்ற சில்வெஸ்டர் பற்றைக்கு அப்பாலிருந்து கூப்பிட்டுக் கேட்டார். "புள்ள! கட்டுல ஏதும் கிடக்கா?"

அவள் விறாந்தையில் நின்று எட்டிப் பார்த்தாள். கட்டு வெறுமையாக இருந்தது.

"ஒண்டும் இல்ல!"

பலகை கிறீச்சிட்டு ஏறியது. உள்ளே உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தவளின் கையில், வீட்டுக்குரியதல்லாத ஒரு துண்டு வந்தது. சிவப்புக்கரை. மழை தொடாமல், நன்றாகக் காய்ந்த துண்டு.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் நெஞ்சு நின்றுபோகும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அவள் முதலில் பெட்டகத்தைத் திறந்தாள். கல்யாணச் சேலைக்கு அடியில் துண்டை வைத்தாள். மூடியை இறக்கினாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

அவனை எடுத்தபோது அவனுடைய கை அந்த வேரைச் சுற்றிப் பிடித்திருந்தது. மரண விசாரணைக்கு வந்தவர் துண்டைப் பற்றிக் கேட்டார். "நான் ஒண்டும் எடுக்கல்ல," என்றாள் இமெல்டா. பாவம், அவசரத்தில் வைக்க மறந்திருக்கிறான் என்று முடிந்தது. ஊரும் அப்படியே சொன்னது. பிழை செத்தவன் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து அவன் மனைவி ஆச்சிப்பிள்ளை வந்தாள். வீட்டுக்குள் ஏறவில்லை. மணலில் நின்றே கேட்டாள்.

"அம்மா, அவருட தலைத்துண்டு இஞ்ச எங்கயும் கிடந்திச்சா?"

"காணல்லயே ஆச்சிப்பிள்ளை."

"முப்பத்தொண்டாம் நாளுக்குப் படைக்க வேணும். அதுதான் கேக்கிறன். அவரு வைக்காம இறங்க மாட்டாரு. சோத்தை மறப்பாரு, என்னை மறப்பாரு. அதை மறக்க மாட்டாரு." சொல்லிவிட்டு அவள் இமெல்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாக இல்லை. வழி கேட்டவள் பதிலுக்கு நிற்பதுபோல. "மழைக்கு ஆரும் எடுத்து வெச்சிருப்பாங்களோ எண்டு நினைச்சன்."

"இல்ல," என்றாள் இமெல்டா.

அன்று சாயந்தரம்தான் பெட்டகத்துக்குள் முதல் முறையாக வாவிச் சேற்றின் வாடை வந்தது. மூடியைத் தூக்கினாள். காய்ந்த துண்டாக வைத்தது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கல்யாணச் சேலையின் சரிகையில் பச்சையாக ஒரு படை. துண்டை முறுக்கிப் பிழிந்து, அடுப்பங்கரையில் சில்வெஸ்டர் காணாமல் காயப்போட்டாள். அடுப்புச் சூட்டிலும் அது காயவில்லை. பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. நாக்கில் ஒரு சொட்டுப் பட்டது. உப்பு.

அதற்கு மறுநாள் கட்டின்மேல் ஈரம்.

சில்வெஸ்டர் ஆசைப்பட்ட தொட்டியில் ஒரு நாள்கூட நீந்தவில்லை. விறாந்தையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். "நான் போய்ப் பாத்திருக்க வேணும், புள்ள. உன்னட்டக் கேட்டுட்டு நிண்டது என்ர பிழை." அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுடைய வாய் திறக்கும். சொல்லிவிட்டால் அவருடைய பாரம் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். இறங்குகிற பாரம் எங்கே வந்து ஏறும் என்றும் தெரியும். வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றப் போய்விடுவாள். கோவிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டபோது வேலைக்காரியைத் திட்டியதைச் சொன்னாள், ஒரு சந்தி விரதத்தை மறந்ததைச் சொன்னாள், எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமி வந்து தொட்டியை மந்திரிப்பதாக ஏற்பாடானது. தண்ணீரை இறைத்து வெறுமையாக்கியாயிற்று. நாளைக்கு ஆட்கள் கானைக் கடைசியாக ஒரு தரம் கூட்டித் துடைப்பார்கள். அதற்குப் பிறகுதான் பலகையைத் தூக்குவது என்று சில்வெஸ்டர் சொன்னார். அதைக் கேட்டதும் இமெல்டாவுக்கு ஒரு வழி தெரிந்தது.

துண்டைக் கானுக்குள் அந்த வேரில் மாட்டிவிட வேண்டும். நாளைக்கு ஆட்கள் கண்டெடுப்பார்கள். துண்டைக் கையோடே கொண்டு போயிருக்கிறான், தன் பழக்கத்தைத் தானே மீறியிருக்கிறான் என்றாகிவிடும். ஆச்சிப்பிள்ளைக்குப் படைக்கத் துண்டு கிடைக்கும். சில்வெஸ்டருக்கு நித்திரை கிடைக்கும். செத்தவனுக்கு இனி என்ன நோகப்போகிறது.

சில்வெஸ்டர் கடைத்தெருவுக்குப் போன பின்னேரம், துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். வானம் கறுத்திருந்தது. தொட்டிக்குள் இறங்கும் ஏணியில் கால் வைத்தவள் தயங்கினாள். பலகையை இன்றைக்கு யாரும் தொடப்போவதில்லை. என்றாலும். கோவிலுக்குப் போடும் வெள்ளை முக்காட்டை எடுத்து வந்து, நாலாக மடித்து, அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தாள். இப்போது இந்த வீட்டில் கட்டின்மேல் ஒரு துணி கிடந்தால் சில்வெஸ்டர் பலகைக்குக் கிட்டவும் போகமாட்டார். அது அவளுக்கு நிச்சயம்.

கானுக்குள் முழந்தாளில்தான் போக முடியும். செங்கல் சுவர் இரண்டு தோளையும் உரசியது. உள்ளே போகப் போக வெளிச் சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, கடைசியில் அவளுடைய மூச்சும், எங்கோ முன்னால் பலகையின் மறுபுறத்தில் நிரம்பி நின்ற வாவி மரத்தை மெல்ல மெல்லத் தட்டும் சத்தமும் மட்டும் மிஞ்சின. சேற்று வாடை. ஈரச் செங்கல் வாடை. இவற்றுக்கடியில், வெற்றிலை வாடை. நல்லரத்தினம் வெற்றிலை போடுவான். அவள் அதை நினைக்காமல் ஊர்ந்தாள். வேர் கையில் பட்டது. ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, யாரோ நெடுநேரம் பிடித்திருந்ததுபோல. துண்டை இடுப்பிலிருந்து இழுத்தாள்.

பலகைக்கு அப்பால் பேச்சுச் சத்தம்.

"கடலுக்கு முகத்துவாரம் வெட்டப்போறாங்களாம். வெட்டினா வாவி வத்திப்போகும். துடைக்கிறது கிடக்கட்டும், இண்டைக்கே நிரப்பிடுவம்." சில்வெஸ்டர். யாரோ கூடவந்தவனிடம். "பொறு, பொறு. கட்டை நானே போய்ப் பாத்துட்டு வாறன். நான் சொல்லாமத் தூக்காத."

முக்காடு இருக்கிறது. காண்பார். திட்டுவார். திட்டட்டும். இமெல்டா பின்பக்கமாக ஊர்ந்தாள். சேலை வேரில் சிக்கியது. இழுத்தாள். வரவில்லை.

தலையைத் திருப்பிக் கான் வாயைப் பார்த்தாள். தூரத்தில் வட்டமாகச் சின்னதாய் ஒரு வெளிச்சம். அதற்குள் தொட்டியின் எதிர்ச் சுவர். சுவரின் மேல் கட்டு. கட்டின்மேல் வெள்ளையாக அவளுடைய முக்காடு.

மழையின் முதல் துளிகள் விழுந்தன.

ஒரு கை வந்தது.

ஆளைக் காணவில்லை. கை மட்டும். ஊறி வெளுத்த கை. நகக்கண்ணில் கறுத்த சேறு. அது அவசரப்படவில்லை. கல்லைப் பக்கத்தில் தள்ளி வைத்தது. முக்காட்டை எடுத்தது. ஈரத்தை உதறியது. நனையாமல், கவனமாக, மடித்துக் கொண்டுபோனது.

சில்வெஸ்டரின் கால்கள் கட்டின்மேல் வந்து நின்றன. குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவள் கத்தினாள். கான் சத்தத்தை விழுங்கியது. கத்தினாள். மழை இரைந்தது. அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"புள்ள! கட்டுல கிடந்தது ஏதும் நீ எடுத்தயா?"

விறாந்தையிலிருந்து பதில் வந்தது. தெளிவாக. கொஞ்சம் களைத்த குரலில். இமெல்டாவின் குரலில்.

"நான் ஒண்டும் எடுக்கல்ல."

கால்கள் திரும்பிப் போயின.

அவள் வேரைப் பிடித்தாள். பிடித்த கையில் இன்னும் துண்டு இருந்தது. இத்தனை நாளும் காயாத துண்டு. இப்போது அதில் ஈரமில்லை. வெயிலில் கிடந்து அப்போதுதான் கொடியிலிருந்து எடுத்ததுபோல மொரமொரவென்று, இளஞ்சூடாக இருந்தது.

முன்னால் பலகை கிறீச்சிட்டது.