ஐந்தாவது காலளவு

பூட்டு அசையவில்லை. ததேயுஸ் சாவியை மூன்றாம் தடவையாகத் திருப்பினார். துரு மட்டும் உதிர்ந்தது. பகல் ஒரு மணி. ஐப்பசி பிறந்தும் மழை இறங்காத வெயில், மணவாளக்குறிச்சிக்கு மேற்கே அந்தக் கடற்கரைத் தெருவை ஆள் நடமாட்டமில்லாமல் அடித்துவிட்டிருந்தது. காருக்குப் பக்கத்தில் மனைவி திரேசம்மாள், மகன் அஜின், மகள் ஜிஷா மூவரும் நின்றார்கள். நாகர்கோவிலில் இருந்து இங்கே வந்ததில் ஒருவருக்கும் விருப்பமில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

“தாங்கப்பா, நான் தொறக்கேன்” என்றான் அஜின்.

“எனக்க வீட்டுப் பூட்ட நான் தொறப்பேன்” என்றார் ததேயுஸ்.

நான்கு நாள் பனியில் சறுக்கிவிட்டு வருவதற்கு இரண்டு மாதமாக நாயலைச்சல். விசா மையத்தில் அவருடைய புகைப்படத்தை இரண்டு முறை திருப்பிவிட்டார்கள், காது தெரியவில்லையாம். அறுபத்தெட்டு வயது வரை அவருடைய காதைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு வங்கி முத்திரை சரியில்லை என்றார்கள். இப்போது சொந்த ஊரில் சொத்து இருப்பதற்குச் சான்றாக மூலப் பத்திரம் வேண்டுமாம். பத்திரம் பூட்டிக் கிடக்கும் இந்தப் பழைய வீட்டின் இரும்புப் பெட்டியில் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. குளச்சல்காரர் ஜஸ்டஸ் ஆஸ்திரியாவில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர். அவர் மகன் அபினேஷுக்கு ஜிஷாவைக் கேட்டிருக்கிறார்கள். டிசம்பரில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு விடுதியில் இரண்டு குடும்பமும் நான்கு நாள் சேர்ந்திருப்பது, பனிச்சறுக்கு பழகுவது, கடைசி நாள் நிச்சயத்தைப் பேசி முடிப்பது என்று ஏற்பாடு. நல்ல குடும்பம், நல்ல பையன். ஜிஷாவுக்கும் பிடித்திருந்தது. உறவுமுறை விசாரித்தபோது ததேயுஸ் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார், “கூடப்பொறந்தவ ஒரு தங்கச்சி. எண்பத்தாறுல காய்ச்சல்ல போயிட்டா.” குடும்பக் கல்லறையில் ரீத்தா என்ற அவள் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அவர் அதைச் சொன்னபோது திரேசம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான்காம் திருப்பில் பூட்டு திறந்தது.

உள்ளே அடைத்துக் கிடந்த வீட்டின் உப்பு வாடையும் வௌவால் வாடையும் முகத்தில் அடித்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது. நீலகிரித் தைலம். குளிர் ஊர்களில் சளி பிடித்தவர்கள் நெஞ்சில் தேய்த்துக்கொள்வது.

“இங்க யாருட்டி தைலம் தேச்சது?”

திரேசம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

பத்திரம் பெட்டியின் அடியில் பத்திரமாகவே இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து ஜஸ்டஸ் அழைத்தார்.

“அண்ணே, சறுக்குக் காலணிக்கு அளவு இன்னும் வரல்லியே. இங்க கடைக்காரன் அவனுக்குப் பகல் பன்னெண்டு மணிக்குக் கணக்க மூடிருவான். நமக்கு மூணரை. இப்பம் விட்டா டிசம்பர்ல கெடைக்காது.”

“செருப்பு நம்பர்தான, எட்டு.”

“செருப்பு நம்பர் ஆகாதண்ணே. குதிங்கால சுவத்தோட ஒட்டி வச்சு, பெருவெரலு வரை சென்டிமீட்டர்ல அளக்கணும். ஆளாளுக்கு.”

நடு அறைச் சுவரில்தான் சுண்ணாம்பு உதிராமல் இருந்தது. ததேயுஸ் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். ஒவ்வொருவராகக் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஜிஷா தரையில் பென்சிலால் கோடு போட்டுப் பெயரின் முதலெழுத்தை எழுதினாள். அஜின் இருபத்தேழரை. ஜிஷா இருபத்துநாலு. திரேசம்மாள் இருபத்துமூன்று. ததேயுஸ் கடைசியாக வந்து நின்றார், இருபத்தாறரை. வெளியே வெயில் கொதித்தாலும் அந்தத் தரை உள்ளங்காலைக் கடித்தது.

அஜின் கைபேசியில் படிவத்தை நிரப்பினான். “அனுபவம் கேக்கான். தொடக்கநிலைன்னு போடட்டா?”

“எதுல?”

“சறுக்குததுலப்பா.”

“நான் எதுலயும் தொடக்கநிலை இல்ல.”

“வல்லுநர்னு போட்டா மலை உச்சில கொண்டு விட்டுருவான். பரவாயில்லியா?”

ஜிஷா சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

அஜின் அனுப்பினான். திரை சுற்றிச் சுற்றி நின்றது. பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. அவன் புருவத்தைச் சுருக்கிப் படித்துச் சொன்னான். “அஞ்சாவது விருந்தாளிக்க காலளவு இல்லியாம்.”

“அஞ்சாவதா யாரு?”

“யாருமில்ல. எங்கயோ தப்பா அமுக்கிட்டேன்.”

ஐந்தாம் வரிசையை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினான். அதே சிவப்பு வரி. கைபேசியை அணைத்துப் போட்டான். கிணற்றடியில் சிக்னல் நன்றாக வரும் என்று அங்கே போய் நின்று அனுப்பினான். ஜிஷா தன் கைபேசியில் முதலிலிருந்து நிரப்பினாள். நான்கு பேரைக் கொடுத்தால் ஐந்து வரிசை வந்தது. கடைசி வரிசை காலியாக, பெயர் கேட்டு நின்றது.

“ஒரு படிவம் நெரப்பத் தெரியல்ல” என்றார் ததேயுஸ். “இதுக்கா ஒன்ன எஞ்சினீயருக்குப் படிக்க வச்சேன்?”

“நீங்களே அடிங்கப்பா, பாப்போம்.”

“சவத்த, கொண்டா இங்க.”

அவர் அடித்தாலும் அதுதான் வந்தது. மணி இரண்டே முக்கால். வியர்வையைத் துடைக்கத் துவர்த்தை எடுத்தவர், நெற்றி காய்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார். காய்ந்து, குளிர்ந்திருந்தது.

உள்ளேயிருந்து ஜிஷாவின் குரல் வந்தது.

“எப்பா. இது யாருக்க கால்?”

சுவரோரம் நான்கு பென்சில் கோடுகள் இருந்தன. ஜிஷாவின் கோட்டுக்குப் பக்கத்தில் கோடில்லாமல் ஓர் ஈரச் சுவடு. குதிகால் சுவரோடு ஒட்டியிருந்தது, அளவு கொடுக்க நிற்பதுபோல. ஒடுங்கிய, சின்ன, பெண்பிள்ளையின் பாதம். பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். விரலிடுக்கில் ஓர் இலை ஒட்டியிருந்தது. ஓரம் பல் பல்லாக வெட்டிய, கரும்பச்சை இலை.

“தேயில” என்றான் அஜின். “இங்க எப்பிடி?”

ததேயுஸ் குனிந்து துவர்த்தால் அழுத்தித் துடைத்தார். துணி வழியாகக் குளிர் முழங்கைவரை ஏறியது. தரை காய்ந்தது. அவர் நிமிர்ந்தார்.

தரையில் மறுபடி ஈரம் ஊறியது.

முதலில் குதிகால்.

பிறகு பாதத்தின் ஓரம்.

பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக, நிதானமாக, பாரம் கொடுத்து ஒருவர் நின்றுகொள்வதுபோல.

திரேசம்மாள் அவருக்கு மிக அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

“அளந்துருங்கோ.”

“என்னட்டி?”

“நிக்காள்லா. அளந்துருங்கோ.”

“வாய மூடு.”

கைபேசி அடித்தது. அஜின் பதற்றத்தில் அதை எல்லாருக்கும் கேட்கும்படி அமுக்கிவிட்டான். ஜஸ்டஸின் குரல் அறை முழுக்க நிறைந்தது.

“அண்ணே, அஞ்சு பேருக்கு நாலு அளவுதான் கெடக்குன்னு கடைக்காரன் சொல்லுதான். தங்கச்சிக்க அளவ விட்டுட்டியளா?”

“எந்தத் தங்கச்சி?”

“நல்லா கேட்டிய. ரீத்தாக்காதான். போன வாரம் எனக்க வீட்டுக்காரிக்குப் போன் போட்டுப் பேசுனாவல்லா. ‘அண்ணன் என்ன விட்டுட்டுத்தான் எண்ணுவாரு, நீங்க சேத்துக்கிடுங்க’ன்னு. நீங்க செத்துப்போனதாச் சொன்னது வேற தங்கச்சின்னு நெனச்சோம். பாவம், பேசுறதுக்குள்ள நூறு இருமல்.”

பிள்ளைகள் இருவரும் அவரையே பார்த்தார்கள். ததேயுஸ் முதுகை நிமிர்த்தினார். இப்போது குரல் நடுங்கினால் எல்லாம் போய்விடும். மகளின் கல்யாணம், சம்பந்தியிடம் சொன்ன வார்த்தை, இத்தனை வருடம் ஊர் கொடுத்த மரியாதை.

“எனக்கு ஒரே தங்கச்சிதான். அவ செத்துட்டா. எண்பத்தாறுல.”

சொன்ன வார்த்தை அவர் வாயிலிருந்து வெள்ளையாக வெளிவந்தது.

புகை இல்லை. மூச்சு. பகல் மூன்று மணிக்கு, இந்தக் கடற்கரையில், அவர் மூச்சு பனியாகி நின்று கலைந்தது.

தைல வாசனை தொண்டையை அடைத்தது.

எண்பத்தாறில் ரீத்தா சாகவில்லை. குமாரதாஸ் என்ற லாரி டிரைவரோடு வால்பாறைக்குப் போனாள். வேறு மதத்துக்காரன். அப்பா இல்லாத வீட்டில் ததேயுஸ்தான் தலை. மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். பங்குத்தந்தை தடுத்தும் கேளாமல், உயிரோடிருந்தவளின் பெயரையும் அன்றைய தேதியையும் குடும்பக் கல்லறையில் வெட்ட வைத்தார். இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு மழை நாளில் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தேயிலைத் தோட்டத்துக் குளிர் நெஞ்சில் இறங்கிச் செத்தவளை, அவள் கேட்டுக்கொண்டபடி அப்பா அம்மாவோடு வைக்கக் குமாரதாஸ் கொண்டுவந்திருந்தான். ததேயுஸ் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டார். “ரீத்தா எண்பத்தாறுலயே இங்க வந்துட்டா. இது யாரோ. கொண்டு போ.” குமாரதாஸ் வேன் கதவைச் சாத்தினான். வேன் நனைந்துகொண்டே திரும்பி மலையேறியது. பார்த்த நான்கைந்து பேரும் ததேயுஸுக்குப் பயந்து பேசாமலிருந்தார்கள். அவர் குடும்பத்தை நாகர்கோவிலுக்கு மாற்றிக்கொண்டார்.

“பொய்யி” என்றாள் திரேசம்மாள்.

கல்யாணமான இந்த முப்பத்தைந்து வருடத்தில் அவள் அவர் பேச்சின் நடுவே பேசியதில்லை. இப்போது கைபேசியைப் பார்த்துப் பேசினாள். “எண்பத்தாறுல சாகல்ல தம்பி. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலதான் செத்தா. அவள எங்க கல்லறையில வைக்க விடல்ல. நானும் பாத்துட்டு நின்னேன்.”

“திரேசம்மா.”

“இன்னொரு தடவ அவளக் கொல்லாதீங்கோ” என்றாள். சத்தமே இல்லை. உதடுகள் மட்டும் அசைந்து, முன்னால் பனி விரிந்தது.

ஜிஷா சுவரில் சாய்ந்துகொண்டாள். “சின்னதுல நான் கோயில்ல முதல் நன்மை வாங்கும்போது அத்த உயிரோடயா இருந்தாவ?”

திரேசம்மாள் தலையசைத்தாள். பிறகு ஜஸ்டஸின் குரல் வந்தது, தாழ்ந்து, எச்சரிக்கையாக.

“அண்ணே, ஜிஷா எங்க வீட்டுப் பிள்ளதான். அதுல மாத்தமில்ல. ஆனா எனக்க பொஞ்சாதிகிட்ட பேசுனது யாருன்னு நீங்கதான் சொல்லணும். இங்க வந்து, எல்லாரும் இருக்கும்போது, உங்க வாயால.”

இணைப்பு அறுந்தது.

மணி மூன்று இருபது. திரையில் ஐந்தாம் வரிசை காலியாக நின்றது. அஜின் கைபேசியை அப்பாவிடம் நீட்டினான். கண்ணைப் பார்க்கவில்லை.

ததேயுஸ் ஜிஷாவிடமிருந்து அளவு நாடாவை வாங்கினார். யாரையும் பார்க்காமல் முட்டுக்கால் போட்டார். கோயிலில்கூட இப்போதெல்லாம் அவர் உட்கார்ந்துதான் ஜெபிப்பார். ஈரச் சுவட்டின் பக்கத்தில் நாடாவை விரித்தார். குளிரில் விரல்கள் மரத்துப் பிடி கொள்ளவில்லை.

அவர் தலைக்கு மேலே யாரோ இருமினார்கள்.

சின்ன இருமல், அடக்கிக்கொண்ட இருமல்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்திரண்டரை.

ஒரு விரலால் எழுத்தெழுத்தாக அடித்தார். பெயர், ரீத்தா. உறவு, தங்கை. பிறந்த ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. காலளவு. அனுப்பினார். இரண்டு மணி நேரமாக அவர்களைப் படுத்திய படிவம் ஒரு நொடிகூடச் சுற்றாமல் ஏற்றுக்கொண்டது.

வெயில் உள்ளே வந்தது. தரை சுட்டது. சுவடு காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

வீட்டைப் பூட்டினார்கள். காரில் நாகர்கோவிலுக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடுகள் குறுக்கே நின்ற ஒரு முக்கில் வண்டி நின்றபோது, ததேயுஸ் தொண்டையைச் செருமி, பழைய குரலை வரவழைத்துக்கொண்டார்.

“அது அந்தப் படிவத்துக்காகப் போட்டது. வேற ஒண்ணுமில்ல. அங்க போயி, ஆளு வரல்லன்னு சொன்னாப் போச்சு.”

அஜினின் கைபேசி மின்னியது. மலையடிவாரக் கடையிலிருந்து பதில். அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு தடவை மனதுக்குள் படித்தான். பிறகு, அப்பா கேட்கட்டும் என்று, தமிழாக்கிச் சத்தமாகப் படித்தான்.

“ஐந்து பேருக்கும் காலணி தயார். ஐந்தாவது விருந்தினருக்கு நீங்கள் அளவு அனுப்பியிருக்கத் தேவையே இல்லை. அவர் இன்று காலை நேரிலேயே வந்து போட்டுப் பார்த்துவிட்டார். சரியாக இருக்கிறது. அண்ணன் வரும்வரை இங்கிருந்து நகர மாட்டாராம்.”