மாற்று வீடு கிடையாது

சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. ரத்த மாதிரிக் குளிர்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, பாயா ரும்புட்டின் அந்தச் சந்து வீட்டு வாசலில் ஓடி ஏறினாள் தாதி நிர்மலா. எதிரே, கை நிறைய கிரீஸோடு ஒருவன். மழை மேகத்தைவிடக் கறுத்த கண்கள்...

"டெங்கி ஆய்வு, அண்ணா. கொஞ்சம் ரத்தம் எடுக்கணும்."

"அண்ணான்னு கூப்பிட்டா ரத்தம் கெடைக்காது, மிஸி. என் பேரு தினேஷ்வரன். இங்க யாருக்கும் காய்ச்சலே வரல. ரப்பர் தோட்டத்துலேர்ந்து வந்தவங்கன்னா நோய் தேடி வந்துருவீங்களா?"

சுருக்கென்றது அவளுக்கு.

"குலுக்கல்ல விழுந்த வீடு இது. டத்தோ பட்டம் வாங்கின ஒரு பெரிய மனுஷர் பங்களாவும் விழுந்துச்சு. காலைல அவருக்கும் ஊசி குத்திட்டுத்தான் வரேன்!"

பக்கத்து வீட்டு மங்களம் வேலிக்கு மேலே கையை நீட்டினாள். "அவன் கெடக்கான் லா! என் ரத்தத்த எடுத்துக்கம்மா!"

"முடியாதுக்கா. விழுந்த வீடுதான். மாற்று வீடு கிடையாது. ஆசப்பட்டுக் குடுக்கறவங்ககிட்ட மட்டும் எடுத்தா கணக்கு பொய்யாயிடும்."

அவன் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்தது.

"நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவதான். போன ஆய்வுல எங்க லயத்துல யாருமே கதவத் தொறக்கல. நோய் இருந்ததே வெளிய தெரியல. அந்த மழைக்கு என் தம்பி ஐசியூல கெடந்தான்... பொழைச்சிட்டான். அடுத்த வீட்டுக் கதவாவது தொறக்கணும்னுதான் இந்த வேலைக்கு வந்தேன்."



அவன் கையைக் கழுவி வந்தான். சட்டைக் கையைச் சுருட்டினான். ஊசி இறங்கும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள... அட, இவ்வளவுதானா வீரம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏனோ அவளுடைய நாடியும் வேகமெடுத்தது.

மழைக்காலம் முடியுமுன் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தாள்.

"உங்களுக்கு டெங்கி வந்து போயிருக்கு. அதோட தடயம் ரத்தத்துல இருக்கு. இனிமே காய்ச்சல்னா உடனே கிளினிக் போங்க, ரெண்டாவது தடவ மோசமாகலாம்."

"எனக்கா? தெரியவே இல்லியே!"

"இந்த வட்டாரத்துல பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால சாக்கடை சுத்தம் மொதல்ல இங்கதான் ஆரம்பிக்குது. நீங்க கதவத் தொறந்ததும்கூட அந்தக் கணக்குல சேர்ந்துருக்கு."

சொல்லும்போது அவள் தலை தானாக நிமிர்ந்தது. அந்த நிமிர்வையே பார்த்தபடி நின்றான் அவன்.

"டெங்கி வந்தது தெரியல, மிஸி. நீங்க வந்தது தெரிஞ்சுது... அன்னிக்கு மங்களம் அக்கா கைய நீட்டினப்ப என்ன சொன்னீங்க?"

"மாற்று வீடு கிடையாதுன்னு..."

"எனக்கும் அதான். மாற்று ஆள் கிடையாது."

காது மடல் வரை சூடேறியது. குளிர்பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"அண்ணான்னு கூப்பிட்டேன்ல... அத வாபஸ் வாங்கிக்கறேன்."

வேலிக்கு அந்தப்புறம் மங்களம் வாய்விட்டுச் சிரித்தாள்.