ஆறு முறை எச்சரிக்கப்பட்டார்

"எம் புருஷன் யாரையும் கொல்லல சார். ஆனா கொன்னேன்னு அவரே சொல்லிக்கினு கீறாரு. திங்கக்கெழம கோர்ட்ல ஒத்துக்கப் போறாராம். எப்டியாவது நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு சின்னப்பொண்ணு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் அப்பிக் கிடந்தது.

திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது அந்த ஒற்றை அறை. வீரராகவன் முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழில் அழுது சொன்னதை ஆங்கிலத்தில் அழாமல் எழுதுவதுதான் அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகு, காகிதத்தில் சிக்கிக்கொண்டவர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அறையின் மறு பாதியில் டைப் அடிக்கும் செண்பகத்துக்கு நாற்பத்தைந்து வயது. விரலைவிட வாய் வேகம். வழக்கென்று வந்துவிட்டால் போதும், அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"முதல்லேருந்து சொல்லும்மா" என்றார் வீரராகவன்.

அவள் புருஷன் லோகு, இரும்பு உருக்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பல வருஷம் லாரியிலிருந்து பழைய இரும்பை இறக்கிக்கொண்டிருந்தவனைப் போன சித்திரையில் உலைக்கு மாற்றினார்கள். இரும்புக் கட்டுகளைக் கொதிக்கிற உலைக்குள் போடுகிற வேலை. கார்த்திகை மழையில் நனைந்த கட்டு ஒன்று உள்ளே போயிற்று. ஈரம் நொடியில் ஆவியாகி வெடித்தது. பக்கத்தில் நின்ற சாம்சன் அங்கேயே போய்விட்டான். லோகுவுக்கு இடது கை வெந்தது.

"ஈரம் போட்டா வெடிக்கும்னு அவருக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது சார். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும், 'இன்னா ஆச்சு, ஏன் வெடிச்சுது'ன்னுதான் கேட்டாரு. அப்பால மாசி மாசத்துல கம்பெனிக்காரங்க போலீசுக்கு இந்தப் பேப்பர குடுத்தாங்க. இதுல இன்னா எழுதிக்குதுன்னு யேசுதாஸ் அண்ணன் படிச்சுக் காட்னாரு. அன்னிலேருந்து, 'எங்கிட்ட சொல்லிக்கிறாங்க, நான்தான் மறந்துட்டேன், நான்தான் சாம்சன கொன்னுட்டேன்'னு ஒரே பொலம்பல். ஊட்ல தாளிக்க முடியல சார். எண்ணெயில கடுகு வெடிச்சா, காதப் பொத்திக்கினு தெருவுக்கு ஓடிப்போயிடறாரு."

செண்பகம் டைப் அடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பினாள். யேசுதாஸ் யாரென்று கேட்டாள்.

"உலையில சூப்பர்வைசர்க்கா. எங்க தெருதான். இவரு, சாம்சன், அந்த அண்ணன், மூணு பேரும் சின்னதுலேருந்து ஒண்ணா சுத்தனவங்க."

அவள் நீட்டியது பாதுகாப்புப் பதிவேட்டின் ஜெராக்ஸ். அதில் தொழிலாளி ஒருவருக்கு ஒரு பக்கம். நோட்டை விரித்து வைத்து எடுத்ததால் எதிர்ப்பக்கமும் சேர்ந்து விழுந்திருந்தது. இடது பக்கம் சாம்சன், வலது பக்கம் லோகு. இரண்டும் ஒரே கையெழுத்து.

செண்பகம் ஜெராக்ஸைப் பிடுங்கிக்கொண்டு படித்தாள். லோகுவின் பக்கத்தில் மே முதல் அக்டோபர் வரை மாதத்துக்கு ஒன்றாக ஆறு வரிகள். மே மாதம், ஈர இரும்பைப் போடக் கூடாதென்று 'ஸ்ட்ரிக்ட்லி இன்ஸ்ட்ரக்டட்', அதாவது கண்டிப்பாக அறிவுறுத்தப்பட்டார். ஜூனில் 'ரிப்பீட்டட்லி வார்ன்டு', திரும்பத் திரும்ப எச்சரிக்கப்பட்டார். ஜூலையில் 'ஸ்ட்ராங்லி அட்வைஸ்டு', வலுவாக அறிவுரை சொல்லப்பட்டார். ஆகஸ்டில் 'தரோலி ட்ரெய்ன்டு', முழுமையாகப் பயிற்சி அளிக்கப்பட்டார். செப்டம்பரில் 'ஃபுல்லி இன்ஃபார்ம்டு', எல்லாம் தெரிவிக்கப்பட்டார். அக்டோபரில் 'டீப்லி மூவ்டு', அறிவுரையைக் கேட்டு ஆழமாக நெகிழ்ந்துபோனாராம்.

"இதென்ன கூத்து! உலைக்கு முன்னாடி நின்னு நெகிழ்ந்தாரா? மையைச் சோதிச்சா குட்டு வெளிப்பட்டுடும் சார்."

"திங்கட்கிழமைக்குள்ள யாரும் மையைச் சோதிக்க மாட்டாங்க. எதிர்ப்பக்கத்தையும் படிங்க."

சாம்சனின் பக்கத்தில் நான்கு வரி. நான்கும் ஒன்றே: 'டோல்டு. ஹெல்மெட்.' ஹெல்மெட் போடச் சொன்னேன், அவ்வளவுதான்.

"நாலு தடவையும் ஒரே வார்த்தை" என்றாள் செண்பகம்.

"மனுஷன் அதட்டுறது அப்படித்தான். நீங்க என்னை ‘காபியைக் குடிங்க, ஆறுது’ன்னு பத்து வருஷமா ஒரே மாதிரி திட்டுறீங்களே, புது வார்த்தை தேடினீங்களா? இங்கிலீஷ்ல சில வினைக்கு இன்ன சொல்தான் சேரும்னு ஒரு ஜோடிப் பொருத்தம் உண்டு. நம்ம ஊர்ல பலத்த காயம், கொட்டுற மழைன்னு சொல்ற மாதிரி. இந்த ஆறும் பொருத்தமான ஜோடிதான், தப்பே இல்ல. ஆனா ஒண்ணுகூட ரெண்டாவது தடவை வரல. இன்னொண்ணு, எச்சரிக்கப்பட்டார், அறிவுறுத்தப்பட்டார்னு இருக்கே, எச்சரிச்சது யாரு?"

செண்பகம் ஆறு வரியையும் மறுபடி பார்த்தாள். யார் பெயரும் இல்லை.

"ஆளை எடுத்துட்டா அந்த இடம் காலியா தெரியும். அதை மறைக்கத்தான் கனமான ஒரு சொல்லைத் தூக்கி வைக்கிறது. கோர்ட்டுல இதை நிறையப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் காபியை எடுத்தார். அது ஆறிப்போயிருந்தது.

சனிக்கிழமை காலை அவர்கள் கும்மிடிப்பூண்டிக்குப் போனார்கள். தெருமுனை வரைக்கும் சிட்கோ ஆலைகளின் புகை. வீட்டுக்குள் லோகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. செண்பகம் குனிந்து காது கொடுத்தாள். அந்த ஆறு வரிகள்தான். தமிழில், வரிசை பிசகாமல், முடிந்ததும் முதலிலிருந்து.

"ஆகஸ்டுல நடந்தது ஞாபகம் இருக்கா லோகு?" என்று கேட்டார் வீரராகவன்.

"கீது சார். முயுசா டிரெயினிங் குடுத்தாங்க. வெயில் அடிச்சுது. சாம்சன் சிரிச்சுக்கினே நின்னான்."

"அக்டோபர்ல?"

"அயுதுட்டேன் சார். அவ்ளோ நல்லா சொன்னாங்க." அவன் கண் நிரம்பியது. "அப்டி அயுதுட்டும் போய்ப் போட்டுக்கிறேன் பாருங்க. நான் மனுஷனா? டெய்லியும் அவன் வந்து எதுருல நிக்கறான் சார். ஒண்ணுமே பேச மாட்டேங்கறான்."

வாசலில் நின்ற சின்னப்பொண்ணு முந்தானையைக் கடித்துக்கொண்டாள். நடக்காத ஒன்றை ஒரு மனிதன் இத்தனை துல்லியமாக நினைத்துக்கொள்ள முடியுமா! காகிதத்தில் இல்லாத வெயிலையும் சிரிப்பையும் இவனே சேர்த்துக்கொண்டிருக்கிறான். பேய் பிடித்தவனைக்கூட வேப்பிலை அடித்து எழுப்பிவிடலாம், இவனை எதைக்கொண்டு எழுப்புவது என்று செண்பகத்துக்குப் பதறியது.

அந்நேரம் யேசுதாஸ் உள்ளே வந்தான். லோகுவுக்கு இட்லி வாங்கி வந்திருந்தான். "நாஷ்டா துன்னுடா மொதல்ல" என்று பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். பதிவேட்டை எழுதுவது தான்தான் என்று மறைக்காமல் சொன்னான். முகம் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

"இங்கிலீஷ் நல்லா எழுதுறீங்களே" என்றார் வீரராகவன்.

அவனுக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. "பொங்கல் கழிச்சு கிளாஸ் சேந்தேன் சார். குணசுந்தரி டீச்சர்கிட்ட. சேஃப்டி இன்சார்ஜ் ஆவணும்னா இங்கிலீஷ் வேணும்னு மேனேஜர் சந்திரமோகன் சார் சொன்னாரு."

வெளியே வந்ததும் செண்பகம் குதித்தாள். "அந்தச் சந்திரமோகனைத்தான் பிடிக்கணும் சார்!"

"முதல்ல டீச்சரைப் பாப்போம்."

குணசுந்தரியின் வகுப்பு ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் நடந்தது. வீரராகவன் கேட்டதும் அவர் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். எந்த வினைக்கு எந்த அழுத்தச் சொல் சேரும் என்று இரண்டு பத்தியாக அச்சிட்ட பாடத்தாள். முதல் பத்தியில் ஆறு ஜோடி. அதைப் படித்ததும் செண்பகம் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒத்துப் பார்த்தாள்.

"இந்த வரிசையை எந்தப் புத்தகத்துலேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார் வீரராகவன்.

"எந்தப் புத்தகமும் இல்ல சார். இந்த ஜனவரி பேட்ச்சுக்காக நானே உக்காந்து எழுதினது. வர்றவங்க எல்லாம் கம்பெனி ஆளுங்க, அதனால கம்பெனி வார்த்தையா போட்டேன். அஞ்சு போட்டதும் எல்லாமே அதட்டலா இருந்துச்சு. ஆறாவதா ஈரமா ஒண்ணு இருக்கட்டும்னு தோணுச்சு."

ஞாயிறு மத்தியானம் லோகுவின் வீட்டில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். வீரராகவன் குரலை உயர்த்தவே இல்லை. பாடத்தாளை யேசுதாஸிடம் நீட்டினார்.

"லோகுவுக்குப் படிச்சுக் காட்டுங்க. முதல் பத்தி மட்டும். தமிழ்ல."

யேசுதாஸ் தாளைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. "கண்டிப்பாக அறிவுறுத்தப்பட்டார்" என்று ஆரம்பித்தான். அடுத்ததை அவன் படிக்கும் முன்பே லோகுவின் உதடு சொல்லிவிட்டது. மூன்றாவதும் அப்படியே. நான்காவது, ஐந்தாவது. ஆறாவதை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். சின்னப்பொண்ணு, "ஐயோ, கடவுளே" என்று சுவரில் சாய்ந்தாள்.

"இது எம் பேப்பருதான?" என்றான் லோகு.

"இல்லப்பா. டீச்சர் பாடத்துக்காக எழுதின பேப்பர். எழுதினது இந்த ஜனவரியில. உனக்குச் சொன்னதா எழுதியிருக்கிறது போன மே மாசத்துலேருந்து. அவங்க மனசுல இன்னும் உதிக்காத வரிசை, எட்டு மாசம் முன்னாடியே உன் பக்கத்துல எப்படி வந்துது? அதுவும் ஒண்ணுகூட இடம் மாறாம, அந்தக் கடைசி நெகிழ்ச்சி உட்பட? வெடிச்சது கார்த்திகையில. உன் பக்கம் அதுவரைக்கும் வெறுமையா இருந்துருக்கு. போலீசுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, ஒரே நாள்ல, இந்தத் தாளைப் பக்கத்துல வெச்சு நிரப்பியிருக்காங்க. டீச்சர் கோர்ட்டுல சொல்லத் தயாரா இருக்காங்க." பிறகு அவர் யேசுதாஸைத் திரும்பிப் பார்த்தார். "சரிதானே?"

யேசுதாஸ் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"மேனேஜர் ஆறு மாசத்துக்கு ஆறு எய்துன்னாரு சார். எனுக்கு 'டோல்டு'தான் தெரியும். அது பத்தாது, வெயிட்டா எய்துன்னாரு. பையில இந்தத் தாள் இருந்துது. நான் எய்தலன்னா வேல பூடும்னாரு. எம் பொண்ணு ஏஞ்சல் பிளஸ் டூ படிக்குது சார்."

"அட படுபாவி! எழுதினதோட நில்லாம, அதை இவருகிட்டயே படிச்சு வேற காட்டினியே! தெனம் இட்லி வேற வாங்கியாந்து குடுத்தியே!" என்று செண்பகம் கத்தினாள்.

"கேட்டான்கா. பேப்பர்ல இன்னா கீதுன்னு கேட்டான். படிச்சேன். உடனே 'ஆமா, சொன்னாங்க'ன்னுட்டான். 'இல்லடா'ன்னு சொல்ல வாய் வரல." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "நாளிக்கு வந்து சொல்றேன் சார். வேல போனா போவட்டும். என்னால தூங்க முடியல."

சின்னப்பொண்ணு விம்மி விம்மி அழுதாள். அந்த அழுகையில் சந்தோஷம் இருந்தது. நாளைக்குப் புருஷன் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். செண்பகம் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

லோகு மட்டும் அழவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் உதடுகள் அசையாமல் இருந்தன. எழுந்து வந்து யேசுதாஸின் எதிரில் குந்தினான். கோபமே இல்லாத குரலில் கேட்டான்.

"ஈரம் போட்டா வெடிக்கும்னு உனுக்குத் தெரியுமா நைனா?"

"தெரியும்டா."

"எனுக்கு ஒரு தபாகூட சொல்லலியா?"

"இல்லடா."

லோகு வெந்த கையை மெல்ல மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு தபா சொல்லியிருந்தீன்னா, நான் அந்தக் கட்டப் போட்டிருக்க மாட்டனேடா. சாம்சன் இருந்திருப்பானே."