வெண்தளத்தில் வழுக்கி விழுந்தவர்கள்

வெண்தளத்தில் காலை ஆறு மணிக்கு எல்லோரும் எலும்பை அளக்க வரிசையில் நின்றார்கள். நிலவின் தென்முனையில் இருந்த அந்தக் குடியிருப்பில் அது பல் துலக்குவதைப் போல. ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால், கவனிக்காமல் விட்டால் எலும்பு உளுத்துப்போகும். ஆளுக்கு ஒரு நிமிடம் அளவுப்பெட்டிக்குள் காலை நுழைத்து, பச்சை விளக்கு எரிந்ததும் வேலைக்குப் போனார்கள்.

எழினிக்கு அன்று மருத்துவமனையில் பயிற்சி. நிலவிலேயே பிறந்தவள், மருத்துவம் இறுதியாண்டு. அங்கே நோயைக் கண்டுபிடிப்பது நோயறிவான் என்ற இயந்திரத்தின் வேலை. பூமியின் மருத்துவமனைகள் இருநூறு ஆண்டுகளாக எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துத் தேறியது அது. மாணவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏழு மணிக்கு மதுரவல்லி வந்தாள். நீர்மீட்பு நிலையத்தில் வேலை பார்ப்பவள். இடது முன்கை வீங்கியிருந்தது. அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்த கணவன் அருணகிரி, உயிர்வளி ஆலையின் தலைவன். வெண்தளத்தின் நாலாயிரம் பேருக்கும் மூச்சுக்காற்று அவன் ஆலையிலிருந்துதான் வந்தது. எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் அவனுக்கு வணக்கம் சொன்னார்கள்.

"காயத்தின் காரணம்?" என்றது நோயறிவான்.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டா," என்றான் அருணகிரி. "பார்த்து நடன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

"வழுக்கி விழுதல். பதிவு செய்யப்பட்டது."

எழினி கதிர்ப்படத்தைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் முறிந்திருந்தது. விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டுதான் உடையும். முகத்தை நோக்கி வருவதைத் தடுக்கக் கையைத் தூக்கினால் உடையும் இடம் இது. பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. தேர்வில் யாரும் கேட்டதில்லை.

"இன்னொரு படம் எடுக்கணும் சார். நீங்க வெளியில இருங்க."

"நான் இருக்கேனே. அவ பயப்படுவா."

"கதிர்வீச்சு சார். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊருக்கே காத்து இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே வெளியே போனான். எழினி கதவைச் சாத்தினாள். படம் எதுவும் எடுக்கவில்லை.

"அக்கா, யார் அடிச்சது?"

மதுரவல்லி கதவைப் பார்த்தாள். மங்கலான கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நிழல் தெரிந்தது.

"விழுந்துட்டேம்மா."

"நான் இங்கேயே பொறந்தவக்கா. சின்ன வயசுல நூறு தடவை விழுந்திருக்கேன். கீழ போய்ச் சேர்றதுக்குள்ள சுவரைப் பிடிச்சுக்கலாம், அவ்வளவு நேரம் இருக்கும். அப்படி விழுந்தா கை உடையுமா?"

கதவு தட்டப்பட்டது. "முடிஞ்சுதா?"

"ரெண்டு நிமிஷம் சார்!"

மதுரவல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகப் பேசினாள். "அடிச்சா வெளியில தெரியுதுன்னு இப்ப படுக்கையறையில காத்தைக் குறைச்சிடறார். கதவைப் பூட்டிட்டு, ஆலையில இருந்துக்கிட்டே. நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கணும். எதுக்குன்னு தெரியாது, கேக்கணும். போன வாரம் மயங்கிட்டேன். நேத்து கதவு திறந்தப்ப ஓடப் பார்த்தேன், அதுக்குத்தான் இது." கையைத் தூக்கிக் காட்டினாள். "இங்க இதோட அஞ்சாவது தடவை வரேன். ஒருத்தரும் கேட்டதில்ல."

எழினி இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். "காரணத்தை மாத்து. கணவர் அடித்தது."

"இந்தக் காரணம் பட்டியலில் இல்லை. வழுக்கி விழுதல் என்று திருத்தட்டுமா?"

"வேண்டாம்."

"வழுக்கி விழுதல் என்று திருத்தட்டுமா?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"அப்படியானால் மேல்மருத்துவரின் ஒப்புதல் தேவை."

மேல்மருத்துவர் ஞானப்பிரகாசம் உள்வாசல் வழியாக வந்தார். பூமியில் படித்து, இருபது ஆண்டுகளுக்கு முன் நிலவுக்கு வந்தவர். படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எலும்பு மெலிஞ்சிருக்கும் எழினி."

"இன்னிக்குக் காலையில இவங்களுக்குப் பச்சைதான் எரிஞ்சிருக்கு சார்."

"வெளியில நிக்கிறவர் யாருன்னு தெரியுமா? நாளைக்கு ஆலையில ஏதாவது கோளாறுன்னா உன்னையும் என்னையும்தான் கேப்பாங்க."

"இதை மட்டும் பாருங்க சார்."

எழினி அறையின் நடுவில் விறைப்பாக நின்றாள். கைகளை ஊன்றாமல், வெட்டிய மரம்போல அப்படியே முன்னால் சாய்ந்தாள். தரைக்குப் போய்ச் சேர நேரம் பிடித்தது. மெத்தென்று ஓர் ஓசை கேட்டது. எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு எங்க உடைஞ்சிருக்கு, சொல்லுங்க."

மருத்துவர் மதுரவல்லியின் பழைய பதிவுகளைத் திரையில் வரவழைத்தார். நான்கு முறை வழுக்கி விழுதல். நான்கின் கீழும் இருந்தது அவருடைய கையெழுத்து. வெகுநேரம் அதையே பார்த்தவர், ஐந்தாவதில் எழினி சொன்ன காரணத்தை எழுதி ஒப்பமிட்டார்.

"உள்நோயாளியா சேர்த்துடு. பார்வையாளர் கூடாதுன்னு எழுது. அவர்கிட்ட நான் போய்ச் சொல்றேன்."

வெளியே அருணகிரியின் குரல் உயர்ந்தது. ஏதோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. மதுரவல்லி எழினியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். காவலர்கள் வந்து அவனை அழைத்துப்போன பிறகும் விடவில்லை.

அவள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. மாணவியர் விடுதியில் ஓர் அறை கிடைத்தது. அதற்குக் காற்று மருத்துவமனையின் சொந்தக் கலன்களிலிருந்து வந்தது. முதல் நாட்களில் சுவரிலிருந்த காற்றுமானியை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டாள்.

எழினி அத்தோடு விடவில்லை. வழுக்கி விழுந்தவர்களின் பதிவுகள் அத்தனையையும் திரட்டிக்கொண்டு ஆட்சிக்குழு முன் போனாள். ஆறு ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஏழு பேரைத் தவிர எல்லோரும் மணமான பெண்கள். அங்கேயும் ஒருமுறை விழுந்து காட்டினாள்.

குழு அதிர்ந்துபோனது.

"ஒரு வீட்டுல நடந்ததை வெச்சு இருநூறு குடும்பத்தைத் தப்பா பேசக் கூடாதும்மா," என்றார் தலைவர். "ஆனா நீ சொல்றதுல விஷயம் இருக்கு. இங்க விழுந்தா உடையக் கூடாது, உடையுது. அப்ப ஈர்ப்புலதான் ஏதோ கோளாறு."

பூமியிலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள். மூன்று வாரம் வீடுவீடாக ஈர்ப்பை அளந்தார்கள். நிலவிடம் ஒரு குறையும் இல்லை. குளியலறைத் தரைகளைச் சுரண்டிச் சோதித்தார்கள், வழுக்கவில்லை. அருணகிரி மீதான விசாரணை நடந்துகொண்டே இருந்தது. அவன் இல்லாமல் ஆலை ஓடாது என்று அவனை அதே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கடைசியில் குழு ஒரு முடிவுக்கு வந்தது: பெண்களுக்கு நடையில் கவனம் போதவில்லை. மணமான பெண்கள் அனைவருக்கும் வாரம் ஒருமுறை கட்டாய நடைப் பயிற்சி. கவனம் சிதறும் என்பதால் கணவர்களுக்கு அனுமதி இல்லை.

ஆணையைப் படித்த மாணவர்கள் கொதித்தார்கள். எழினி அதை இரண்டு முறை படித்தாள். அன்று மாலையே, பயிற்சி தரத் தான் தயார் என்று எழுதிக்கொடுத்தாள். அவளுடைய வகுப்பிலிருந்த பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பயிற்சிக்கூடத்தில் வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. ஓராண்டில் அங்கே யாரும் ஓர் அடிகூட நடக்கவில்லை. பெண்கள் பேசினார்கள். வருங்கால மருத்துவர்கள் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், எழுதும்போது சில நேரம் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முப்பத்தொரு பெண்கள் விடுதிக்குக் குடிவந்தார்கள். வழுக்கி விழுதல் பாதியாகக் குறைந்தது.

ஆட்சிக்குழு மகிழ்ந்து பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அந்தச் சூட்டோடு எழினி ஒரு விண்ணப்பம் கொடுத்தாள்: இதே பயிற்சியை ஆண்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

மறுநாளே பதில் வந்தது.

'பதிவேடுகளைப் பரிசீலித்தோம். வெண்தளத்தில் ஆண்கள் அநேகமாக வழுக்கி விழுவதே இல்லை. ஆகவே அவர்களுக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.'