பழைய பதிப்பை நீக்கவா?

எரிவாயுக் கப்பல் முத்துக்கரைத் துறைமுகத்தின் வாயில் நுழைந்தபோது, அதற்கு வழிகாட்ட ஏறியிருந்த ஜெனிட்டா மச்சாதுவின் திறன் திக்கியது. கப்பலை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்பது தெரிந்தது, மறந்தது, மறுபடி தெரிந்தது. இருபுறமும் பாறைச்சுவர்கள். காற்று வேறு கப்பலைச் சுவர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் யாரும் எதையும் கற்றுக்கொண்டு மெனக்கெடுவதில்லை. காதோரத் திறனேவியைத் தட்டினால், வலையிலுள்ள தாய்வழங்கியிலிருந்து வேண்டிய திறன் தலைக்குள் இறங்கிவிடும். ஏவும்போதெல்லாம் உரிமையாளரின் முத்திரை செல்லுமா, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். இறங்கிய நகல் திறனேவியின் கிடங்கில் இருக்கும்.

கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் திறனை ஜெனிட்டாவின் தலையிலிருந்துதான் ஒருகாலத்தில் பதிவு செய்தார்கள். அவள் பெயரில் முத்திரை குத்தி, பொன்னாடை போர்த்தி, கைதட்டி அனுப்பினார்கள். பிறகு அவளும் எல்லோரையும் போல வலையிலிருந்தே ஏவிக்கொண்டாள்.

“சுடலை, திறன் திக்குது. என்ன செய்யணும்?” என்று கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள்.

“கிடங்கைத் துடைச்சிட்டு மறுபடி ஏவுங்க மேடம். எல்லாக் கோளாறுக்கும் அதான் மருந்து” என்றான் சுடலைமுத்து. நாளெல்லாம் எல்லோருக்கும் சொல்லும் பதில்.

துடைத்தாள். ஏவினாள். கண்முன் சிவப்பாக எழுத்துகள் வந்தன.

‘முத்திரை காலாவதி. திறனை ஏவ இயலாது.’

துடைக்காமல் விட்டிருந்தால், திக்கியபடியாவது ஓடியிருக்கும்.

“மேடம், சுவரு நெருங்குது! எந்தப் பக்கம்?” என்று கத்தினார் கேப்டன் அன்வர்தீன்.

சரி, இது என் சொந்த வித்தைதானே என்று அவள் தன் தலைக்குள் தேடினாள். ஒன்றுமே இல்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதன்முதலாக ஏவியபோது திறனேவி கேட்டிருந்தது: ‘இங்கே பழைய பதிப்பு ஒன்று உள்ளது. நீக்கவா?’ படித்தும் படிக்காமலும் ‘சரி’யைத் தட்டியிருந்தாள். அந்தப் பழைய பதிப்பு, அவளேதான்.

“நங்கூரத்தைப் போடுங்க கேப்டன்! போட்டுருங்க!”

கடல் பார்க்காதவனுக்கும் தோன்றுகிற யோசனைதான். சங்கிலி அலறிக்கொண்டு இறங்கியது. கப்பல் குலுங்கி, சுவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது.

“சுடலை, வேற யாரையாவது அனுப்பு.”

“யாரை அனுப்ப? எல்லாத் துறைமுகத்துலயும் உங்க திறனைத்தான் ஏவுறாங்க. யாருக்குமே ஏற மாட்டேங்குது. முத்திரையை நீங்கதான் புதுப்பிக்கணும் மேடம். தாய்வழங்கி உங்களுக்கு ஏதோ அனுப்பியிருக்காம், பாருங்க.”

கண்முன் ஒரு சாளரம் விரிந்தது.

‘உரிமையாளர் ஜெனிட்டா மச்சாது அவர்களுக்கு: முத்திரையைப் புதுப்பிக்க, திறனேவியின் துணையின்றி ஒரு கப்பலைக் கரைசேர்த்துக் காட்டவும். தற்போது நீங்கள் இருக்கும் கப்பலே தேர்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும். தொடங்கவா?’

பழக்கதோஷம். கடைசி வரிக்குக் கண் போய்ச் சேருவதற்குள் விரல் ‘சரி’யைத் தட்டிவிட்டது.

“மேடம்,” என்றார் அன்வர்தீன், “நங்கூரம் தானா மேல வருது. நீங்களா தூக்கச் சொன்னீங்க?”